நீச்சல் போட்டிக்குப் புதிதாய் வந்தவர்கள்

மகள் சென்னைக்குக் கல்லூரி விடுதிக்குப் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. அவள் அறையைச் சுத்தம் செய்தபோது கட்டிலுக்கு அடியில் நீச்சல் கிளப்புக்குச் சொந்தமான மிதவைப் பலகை ஒன்று கிடந்தது. பதினொன்றாம் வகுப்பு முடிந்ததுமே அவள் நீச்சலை நிறுத்திவிட்டாள். பலகையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஒரு சனிக்கிழமை மாலை அதைத் துடைத்து எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

வீட்டில் நான் மட்டும்தான். கணவர் போர்வெல் போடும் ரிக் வண்டியில் ஒரு பங்கு வைத்திருப்பவர். மழைக்காலத்தில்தான் வீட்டில் இருப்பார். மழை விட்டதும் சத்தீஸ்கர் பக்கம் கிளம்பிவிடுவார். எங்கள் திருமணம் ஆன நாளிலிருந்து அப்படித்தான். திருச்செங்கோட்டுப் பக்கத்தில் பாதி வீடுகளில் அப்படித்தான் என்பதால் இதை யாரும் ஒரு குறையாகச் சொல்வதில்லை. நானும் சொன்னதில்லை.

கிளப் நாமக்கல்லுக்கு வெளியே, கோழிப்பண்ணைகளுக்குப் போகும் சாலையில் இருக்கிறது. காற்று ஒரு பக்கம் அடித்தால் குளோரின் வாசனை, மறுபக்கம் அடித்தால் தீவன வாசனை. எட்டு ஒன்பது வருடம் தினமும் போன இடம். வாட்ச்மேன் என்னைப் பார்த்ததும் எழுந்து, "பாப்பா வரலீங்களா?" என்று கேட்டார். அவள் நிறுத்திவிட்டது அவருக்கு நினைவில்லை. "சென்னைல படிக்குதுங்க" என்றேன்.

பலகையை வாங்கிக்கொண்ட கோச் என்னைப் போகவிடவில்லை. அவர் ஆத்தூர்க்காரர். இளவயதிலேயே தலை நரைத்தவர். அதிகம் பேசமாட்டார், பேசினால் அதட்டுவது போலிருக்கும்.

"அக்கா, ஒரு உதவி பண்ணணும். அடுத்த மாசம் சேலத்துல மீட் இருக்கு. இந்த வருஷம் பூரா புது ஃபேமிலிங்க. ஒருத்தருக்கும் போட்டின்னா என்னன்னே தெரியல. நான் சொன்னா பயந்துக்கறாங்க. நாளைக்குக் காலைல வந்து நீங்க பேசுங்களேன்."

"நான் என்னங்க பேசறது? எனக்கு நீச்சலே தெரியாது."

"நீச்சல நான் பாத்துக்கறேன். அங்க வந்து எப்படி உக்காரணும்னு நீங்க சொல்லுங்க."

எப்படி உட்கார வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அதை நான் தனியாகத்தான் கற்றுக்கொண்டேன்.

மகளை நீச்சலில் சேர்த்ததற்குக் காரணம் ஜேடர்பாளையம். அவளுக்கு எட்டு வயதிருக்கும்போது, ஒரு மழைக்காலத்தில், மூவரும் அங்கே தடுப்பணைக்குப் போயிருந்தோம். மீன் வறுவல் வாங்கித் தின்றுவிட்டுக் கை கழுவப் படியில் இறங்கினவள் பாசியில் வழுக்கிக் கழுத்தளவுக்குப் போய்விட்டாள். பக்கத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் எட்டிக் கையைப் பிடித்து இழுத்துப் போட்டாள். நாங்கள் இருவரும் கரையில் நின்றுகொண்டு கத்தினோம். இருவருக்கும் நீச்சல் தெரியாது. திரும்பி வந்து வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுக் கணவர், "முதல்ல நீச்சலுக்குச் சேத்து உடு. நான் ஊர்ல இல்லாதப்ப இப்புடி ஆனா நீ என்ன பண்ணுவ?" என்றார். மறுவாரமே சேர்த்தேன். அதற்கு மறுமாதம் அவர் கிளம்பிவிட்டார்.

உயிரைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் சேர்த்தோம். ஆனால் அவள் வேகமாக நீந்தினாள். முதல் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டார்கள்.

அந்த முதல் போட்டிக்கு நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, தலையில் பூ வைத்துக்கொண்டு போனேன். பள்ளி ஆண்டுவிழா மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். சேலத்தில் அந்த நீச்சல் குளத்துப் படிகள் முழுக்க ஈரம். மேலே தகரக் கூரை, கீழே வெக்கை. கோவையிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் வந்த தாய்மார்கள் பாய் விரித்து, மடக்கு நாற்காலி போட்டு, ஒருவர் பிள்ளைக்கு இன்னொருவர் துண்டு எடுத்துக் கொடுத்துக்கொண்டு, பல வருடப் பழக்கம்போல இருந்தார்கள். நான் படியின் ஓரத்தில் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தேன். காலை முதல் மாலை வரை என்னோடு யாரும் பேசவில்லை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. புதியவர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை.

மகளின் போட்டியை முழுசாகப் படம் பிடித்துக் கணவருக்கு அனுப்பினேன். போர்வெல் போடும் சத்தத்துக்கு நடுவே அவர் அழைத்து, "எங்கண்ணு என்னமா அடிக்குது!" என்று குதித்தார். இரவு மகள் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா, இது நானில்ல. நான் பக்கத்து லேன்" என்றாள். எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி தொப்பி, ஒரே மாதிரி கண்ணாடி. யாரோ ஒருவர் பிள்ளைக்காக எழுந்து நின்று கத்தியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டேன். பட்டுப்புடவை போய்ச் சுடிதார் வந்தது. பாய் வந்தது. தயிர்சாதம் வந்தது. பேச்சுத் துணை மட்டும் வரவே இல்லை. எங்கள் கிளப்பிலிருந்து போகிறவர்கள் குறைவு. போகிறவர்களில் அப்பாக்கள்தான் அதிகம். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் படிகளில் உட்கார்ந்திருந்த நாட்களில் நான் தனியாக இருந்ததாக எனக்குத் தோன்றியதில்லை. ஒலிபெருக்கியில் அவள் பெயர் வரும்வரை காத்திருப்பது ஒரு வேலை. பெயர் வந்ததும் எழுந்து நிற்பது ஒரு வேலை. வீட்டில் அப்படி ஒரு வேலை எனக்கு இருந்ததில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை, குளத்தங்கரையில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு எல்லோரையும் உட்கார வைத்திருந்தார் கோச். பிள்ளைகள் தண்ணீரில் இருந்தார்கள். முட்டை வியாபாரம் செய்பவர்கள், லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைக்காரர் ஒருவர், பள்ளி ஆசிரியைகள், ராசிபுரத்திலிருந்து வந்து ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒரு தம்பதி. என் வாழ்க்கையில் நாலு பேருக்கு முன்னால் நின்று பேசியதில்லை. குளத்தைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தேன்.

"விடியறதுக்கு முன்னால கிளம்போணும்ங்க. பொழுது போகற வரைக்கும் அங்கதான் இருக்கோணும். நாம பாக்கப் போறது ஒரு நிமிசம். சில புள்ளைங்களுக்கு அது கூட இல்ல. மத்த நேரமெல்லாம் உக்காந்திருக்கறதுதான் நம்ம வேலை."

யாரோ சிரித்தார்கள். எனக்குத் தைரியம் வந்தது. பாய் எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்றுக்கு மூன்று துண்டு எடுத்துக்கொள்ளுங்கள், எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம், கூடுதலாக ஒரு நீச்சல் கண்ணாடி பையில் இருக்கட்டும் என்றேன். பிள்ளையின் கையில் மார்க்கரால் எண்கள் எழுதுவார்கள், எத்தனையாவது போட்டி, எந்த வரிசை, எந்த லேன் என்று. அதை அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிடாதீர்கள், நான் துடைத்திருக்கிறேன் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். விசில் அடித்த பிறகு வாயைத் திறக்கக் கூடாது. கிளம்பச் சொல்லும் சத்தத்துக்கு முன்னே அசைந்தால் பிள்ளையை வெளியேற்றிவிடுவார்கள். அதற்குப் பிள்ளையைத் திட்டாதீர்கள், நடுவரிடம் சண்டைக்கும் போகாதீர்கள்.

பட்டறைக்காரர் கையைத் தூக்கினார். "ஏனுங்க, தோத்துட்டா சர்டிபிகேட் குடுப்பாங்களா?"

"கலந்துக்கிட்டதுக்குக் குடுப்பாங்க."

"அப்ப செரி. சொந்தக்காரங்களுக்குக் காட்டோணும்ங்க."

பின்வரிசையில் இருந்த ஒரு பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள். முப்பது வயதிருக்கும். நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் வியாபாரம் செய்கிற குடும்பம். மகளை இங்கே பெரிய பள்ளியில் சேர்த்துவிட்டு, அதற்காகவே நாமக்கல்லில் வாடகை வீடு பிடித்துத் தாயும் மகளுமாக இருந்தார்கள். கணவர் வாரக் கடைசியில் வருவார்.

"அக்கா, பொம்பளப் புள்ளைங்க டிரஸ்ஸு... வெளியாளுங்க போட்டோ எடுப்பாங்கன்னு எங்க மாமியாரு சொல்றாங்க."

இதே கேள்வியை நான் யாரிடமும் கேட்க முடியாமல் ஒரு வருடம் வயிற்றில் சுமந்திருந்தேன். முழங்கால் வரை மூடும் உடுப்பு போடலாம், குதிக்கும் மேடையில் ஏறும் வரை துண்டைப் போர்த்தி வைக்கலாம், யாராவது தப்பாகப் படம் எடுத்தால் நடுவர் மேஜையில் போய்ச் சொன்னால் அந்த ஆளை வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று சொன்னேன். அவள் முகம் தெளிந்தது.

கடைசியில் ஜவுளிக்கடைக்காரர் மனைவி கேட்டாள், "இவ்வளவு வெவரமாச் சொல்றீங்க. இதுல எந்தப் பாப்பாவோட அம்மாங்க நீங்க?"

எல்லோரும் குளத்தைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். ஒரு கணம் நிஜமாகவே தேடினேன்.

"எம்பொண்ணு இப்ப இல்லீங்க" என்றேன். அவர்கள் முகம் மாறியதைப் பார்த்த பிறகுதான் எப்படிச் சொல்லிவிட்டேன் என்று புரிந்தது. "ஐயோ, நல்லா இருக்காளுங்க. சென்னைல காலேஜ் படிக்கறா" என்று அவசரமாகச் சொன்னேன். எல்லோரும் பெருமூச்சு விட்டுச் சிரித்தார்கள்.

போட்டிக்கு நீங்களும் வாருங்கள் என்று கோச் கூப்பிட்டார். எனக்கு அங்கே வேலை எதுவும் இல்லை. இருந்தாலும் போனேன்.

அந்தத் தடவை எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு முழு வரிசைப் படி தேவைப்பட்டது. நான் சொன்னபடியே பாய், துண்டு, தயிர்சாதம் எல்லாம் வந்திருந்தன. பட்டறைக்காரர் ஒரு பெரிய தண்ணீர் டிரம்மையே சரக்கு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். நான் நாமகிரிப்பேட்டைப் பெண்ணின் பாயில் உட்கார்ந்தேன். அவள் கணவர் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போய்விட்டார். அவளுடைய மகளுக்குப் பத்து வயது. ஒல்லி. காலையிலிருந்து கையில் எழுதிய எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதியத்துக்கு முன் அவளுடைய ஐம்பது மீட்டர் போட்டி வந்தது. ஒலிபெருக்கியில் பெயர் கேட்டதும் தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பிள்ளைகள் தங்கள் லேனுக்குப் பின்னால் போய் நின்றார்கள். நீண்ட விசில் அடித்தது. எல்லோரும் குதிக்கும் மேடை மேல் ஏறினார்கள். இவள் ஏறவில்லை.

நடுவர் கையைக் காட்டினார். அவள் தலையை ஆட்டினாள். நேரம் குறிப்பவர் குனிந்து ஏதோ கேட்டார். மறுபடியும் தலையை ஆட்டிவிட்டு, துண்டை எடுத்துப் போர்த்திக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டாள். மற்றவர்கள் குதித்தார்கள். தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே அவள் ஈரமில்லாத காலோடு படியேறி வந்து எங்கள் பாயில் உட்கார்ந்தாள்.

"அக்கா, ஏன் ஏறல?" என்று தாய் என்னைத்தான் கேட்டாள். எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்திருந்தாள். நான் சொல்லிக்கொடுத்தவற்றில் இது இல்லை. என்ன செய்வாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். திட்டுவாள், அல்லது அழுவாள் என்று நினைத்தேன்.

அவள் மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "ஒடம்பு முடியலியா சாமி?"

"இல்ல. புடிக்கல."

"தண்ணி புடிக்கலியா?"

"தண்ணி புடிக்கும். இது புடிக்கல."

தாய் சோற்று டப்பாவைத் திறந்தாள். "செரி, சாப்பிடு" என்றாள். அதற்குள் போன் அடித்தது, கல்யாண வீட்டிலிருந்து கணவர். "நீச்சல் அடிக்கலீங்க. புடிக்கலையாம். வந்துட்டா. சோறு தின்னுட்டிருக்கா" என்று, பஸ் வரவில்லை என்று சொல்வது போலச் சொன்னாள்.

சாப்பிட்டுக்கொண்டே அந்தச் சிறுமி என்னிடம் கேட்டாள். "ஆன்ட்டி, உங்க ஊட்டு அக்கா எப்பவாச்சும் நீந்த மாட்டேன்னு சொல்லிருக்காங்களா?"

என் மகளைத்தான் அக்கா என்றாள். "இல்ல சாமி. ஒரு நாளும் சொன்னதில்ல" என்றேன். சொல்லும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மற்றவர்கள் கார்களில் கிளம்பினார்கள். இடம் இருக்கிறது, வாருங்கள் என்று கூப்பிட்டார்கள். எனக்குப் பஸ்தான் வசதி என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. பஸ் மல்லூரைத் தாண்டியதும் மகளை அழைத்தேன். ஞாயிறு மாலையில் அவள் ஓய்வாக இருப்பாள்.

"இன்னைக்கு ஒரு புள்ள மேடை மேல ஏறவே மாட்டேன்னுட்டா கண்ணு" என்றேன், சிரிப்பாகச் சொல்வதற்காக.

"சூப்பர்" என்றாள். "அவங்கம்மா என்ன சொன்னாங்க?"

"ஒன்னும் சொல்லல. சோறு போட்டா."

அவள் விடுதி அறைக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"எனக்கும் அப்படித் திரும்பி வந்தரோணும்னு தோணும்மா" என்றாள். "ரொம்ப நாளா."

"எப்ப?"

"எட்டாவது ஒம்பதாவதுலயே. மேல ஏறி நின்னாலே எறங்கி ஓடிரோணும்னு இருக்கும்."

"அப்பறம் ஏன் சொல்லல நீ?"

"நீ அங்க வந்தாதான்மா சந்தோசமா இருப்ப. ஊட்டுல டிவி பாத்துட்டு ஒன்னுமே பேசாம இருப்ப. அங்க எம்பேரச் சொன்னதும் எந்திரிச்சு நிப்ப பாரு... அத நிறுத்தச் சொல்ல எனக்கு வரல. கடைசில பரீட்சைன்னு சொல்லி நிறுத்திக்கிட்டேன்."

பஸ் ராசிபுரத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் இறங்க வழி கேட்டார். நான் காலை ஒதுக்கிக்கொண்டேன். என்னென்னவோ சொல்ல வேண்டும் போலிருந்தது. "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா, இனிமேதான். கோவமா?"

"இல்ல சாமி. சாப்பிடு."

எட்டு ஒன்பது வருடம் நான் அவளுக்காகப் போனேன் என்று நினைத்திருந்தேன். அவள்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். வீட்டில் பேசுவதற்கு ஆளில்லாத ஒரு அம்மாவை, தனக்குப் பிடிக்காமலே, ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு போய் ஒரு நிமிடம் எழுந்து நிற்க வைத்திருக்கிறாள். அந்த வயதில் அவளுக்கு என் தனிமை தெரிந்திருக்கிறது. எனக்கே அது தெரிந்திருக்கவில்லை.

சில நாள் கழித்துக் கணவர் அழைத்தபோது மகள் சொன்னதைச் சொன்னேன். போர்வெல் வண்டிச் சத்தத்தில் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. அவர், "அதனால என்ன? இப்ப அவளுக்கு நீச்சல் தெரியுமில்ல? நான் கேட்டது அதத்தான" என்றார். பிறகு, எப்போதும் கேட்காத ஒன்றைக் கேட்டார். "நீ பகல் பூரா ஊட்டுல என்ன பண்றே?" அதற்குள் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள், போய்விட்டார்.

அதன் பிறகு நான் கிளப் பக்கம் போகவில்லை. புதுக் குடும்பங்களுக்கும் நான் தேவைப்படவில்லை. அவர்கள் தங்களுக்குள் வாட்ஸ்அப் குழு ஒன்று வைத்திருந்தார்கள். அது பிள்ளைகளின் பெற்றோருக்கான குழு, அதில் நான் இருக்க நியாயமில்லை. ஈரோட்டில் நடந்த அடுத்த போட்டிக்கு ஒரு வேன் பிடித்து எல்லோரும் சேர்ந்து போனதை ஜவுளிக்கடைக்காரர் மனைவி வைத்த ஸ்டேட்டஸில்தான் பார்த்தேன். பாயில் வட்டமாக உட்கார்ந்து ஒருவர் டப்பாவிலிருந்து இன்னொருவர் எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் தனியாக யாரும் இல்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். நாமகிரிப்பேட்டைப் பெண் மட்டும் ஒருமுறை அழைத்தாள். மகள் போட்டியை விட்டுவிட்டாள், ஆனால் தினமும் போய்த் தண்ணீரில் கிடக்கிறாள் என்றாள். "ஊட்டுக்கு வாங்கக்கா" என்றாள். "வாரேன்" என்றேன். இன்னும் போகவில்லை.

தை மாதம் கோச் அழைத்தார். சேலத்தில் மறுபடியும் போட்டி. நேரம் குறிக்க ஆள் பற்றாக்குறை. காலையில் அரை மணி சொல்லிக்கொடுப்பார்கள், போதும் என்றார். என் பிள்ளை இல்லாத போட்டியில் நான் என்ன செய்வது என்று கேட்க நினைத்து, கேட்காமல், சரி என்றேன். அன்று மாலை மகளிடம் சொன்னேன்.

"உனக்காகப் போறேன்னு நெனச்சுக்காத கண்ணு. எனக்கே போகோணும் போல இருக்குது."

"தெரியும்மா. போ" என்றாள். "தொப்பி எடுத்துக்க. வெயில் அடிக்கும்."

ஒரு ஸ்டாப்வாட்சைக் கழுத்தில் மாட்டிக் கடைசி லேனுக்குப் பின்னால் நிற்க வைத்தார்கள். விளக்கு மின்னியதும் அழுத்த வேண்டும், பிள்ளையின் கை சுவரைத் தொட்டதும் அழுத்த வேண்டும். இவ்வளவு பக்கத்திலிருந்து நான் ஒரு போட்டியைப் பார்த்ததில்லை. மேடை மேல் ஏறும் பிள்ளைகளின் முழங்கால் நடுங்குவது மேலே படியிலிருந்து தெரிவதே இல்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் நடுங்கியது. ஒவ்வொரு தடவையும் நான் என் மகளின் முழங்காலைப் பார்த்தேன்.

மதியம் எங்கள் ஊர்ப் பெண்கள் படியிலிருந்து கையசைத்தார்கள். "அக்கா, இங்க வந்து உக்காருங்க! சோறு இருக்குது!" இடம் ஒதுக்கிப் பாயைத் தட்டிக் காட்டினார்கள். அடுத்த வரிசைப் பிள்ளைகளுக்கு விசில் அடிக்கப் போகிறார்கள். நகர முடியாது என்று கடிகாரத்தைத் தூக்கிக் காட்டினேன். அவர்களுக்குப் புரிந்தது. தங்கள் பேச்சுக்குத் திரும்பிவிட்டார்கள். பிறகு நேரம் குறிப்பவர்களுக்குக் கொடுத்த பொட்டலத்தைக் குழாயடிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சாப்பிட்டேன். எலுமிச்சைச் சாதம். பசியில் நன்றாகத்தான் இருந்தது.

பொழுது சாய்ந்ததும் லேன்களைப் பிரிக்கும் கயிறுகளைச் சுருட்ட ஆரம்பித்தார்கள். வேன்கள் ஒவ்வொன்றாகப் போயின. கடிகாரத்தைத் திருப்பிக் கொடுத்தபோது மேஜையில் இருந்தவர், "அடுத்த தடவையும் வருவீங்களாம்மா?" என்று கேட்டார்.

"வாரேனுங்க" என்றேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ கிடைக்கவில்லை. தூரம் அதிகமில்லை என்பதால் நடந்தேன். நாமக்கல் பஸ்ஸில் நடு வரிசையில் ஜன்னலோர இடம் காலியாக இருந்தது. ஏறி உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டேன். பஸ் கிளம்பும்வரை வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.